சேரன்மகாதேவிப் பூர்வீக வீடு: பங்காளிகளிடமிருந்து வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கன்னடியன்கால் – செப்டம்பர் 7

வணக்கம். எனக்கு வயது 43, ஓசூரில் வேலை. சேரன்மகாதேவியில் எங்கள் பூர்வீக வீடு விலைக்கு வந்திருக்கிறது. பூட்டன் காலத்தில் எழும்பி, தாத்தா காலத்தில் மச்சு ஏறிய வீடு. அகலம் 28 அடி, நீளம் 125 அடி, அதாவது 8 சென்ட். திண்ணையில் கால் வைத்தால் நடை, தார்சா, முற்றம், பட்டாசல், அடுக்களை, புறவாசல், தொழுவம் என்று பின்தெரு வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஆச்சி இருந்தவரை ஒரே நேரத்தில் மூன்று தலைமுறை அங்கே உண்டு உறங்கியது. இப்போது ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி சின்னச் சித்தப்பாவிடம்.

தாத்தா 1987இல் உயில் எழுதாமல் காலமானார். அப்பாவையும் சேர்த்து ஆண்மக்கள் நான்கு பேர். வெளியாள் ஒருவர் 48 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறாராம். சித்தப்பா தொலைபேசியில், "நான்கு பாகம், பாகத்துக்கு 12 லட்சம். உன் அப்பா பாகம் போக 36 லட்சம் கொடு, வீடு நம் கையை விட்டுப் போகாது" என்றார். பெரியப்பா இல்லை. அவருடைய பிள்ளைகள் இருவரில் ஒருவர் துபாயில் இருக்கிறார், அவருக்குப் பணமானால் சரி.

அப்பாவுக்கு 74. வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து தினக்காலண்டர் தாளின் பின்புறத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறார். மனைவியின் கேள்வி ஒன்றுதான்: "வருடத்தில் பத்து நாளுக்கு 36 லட்சமா?"

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரதவீதிவாசி – செப்டம்பர் 7

வேண்டாம் தம்பி.

காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன். திருநெல்வேலி டவுனில் எங்கள் வளவு வீட்டை 2016இல் நான்தான் பங்காளிகளிடமிருந்து வாங்கினேன். அன்று எல்லாரும் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், "அண்ணாச்சி காப்பாற்றிவிட்டார்" என்றார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு 22 பேர் வந்து இறங்குவார்கள். எல்லாருக்கும் பாய் வேண்டும், தலையணை வேண்டும், காலையில் சொதி வேண்டும். மோட்டார் எரிந்துபோன அன்று ஒருவர் கூடத் தொலைபேசியை எடுக்கவில்லை. காசு கொடுத்தவன் நான். ஆனால் "எங்கள் வீடு" என்று சொல்லும் உரிமையை ஒருவரும் எனக்கு விற்கவில்லை. சென்ற ஆண்டு நடையில் கிடந்த பழைய மரப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். "தாத்தா பெட்டியை யாரைக் கேட்டு நகர்த்தினாய்?" என்று சென்னையிலிருந்து விசாரணை வந்தது.

கோயம்புத்தூர் நெல்லையன் – செப்டம்பர் 8

வாங்குங்கள், இடியுங்கள், முன்பக்கம் இரண்டு கடை, மேலே மூன்று வீடு கட்டி வாடகைக்கு விடுங்கள். பேருந்து நிலையத்துக்கு அருகில் என்றால் லாபம்தான். உணர்ச்சியை ஓரம் கட்டுங்கள்.

ரதவீதிவாசி – செப்டம்பர் 8

இடிப்பதென்றால் பங்காளிகளிடம் எதற்கு வாங்க வேண்டும்? வெறும் மனையாகவே வேறு இடத்தில் சல்லிசாகக் கிடைக்குமே.

பழைய எழுத்தர் – செப்டம்பர் 8

தம்பி, அத்தைமார் எத்தனை பேர்?

கன்னடியன்கால் – செப்டம்பர் 8

இரண்டு பேர் ஐயா. பெரிய அத்தை மதுரையில், சின்ன அத்தை தூத்துக்குடியில். இருவருக்கும் 1980க்கு முன்பே திருமணமாகி நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று. 1994இல் அண்ணன் தம்பி நால்வரும் உட்கார்ந்து யாருக்கு எந்தப் பாகம் என்று ஒரு கூர்சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை. அத்தைமார் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

பழைய எழுத்தர் – செப்டம்பர் 8

கேட்டதில்லை என்பதும் கிடையாது என்பதும் ஒன்றல்ல. வழக்கறிஞர் யாராவது இருந்தால் சொல்லட்டும். நான் பத்திரம் எழுதிய ஆள்தான்.

பொருநைக்கரை – செப்டம்பர் 9

வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன். காகிதம் பார்க்காமல் சொல்வது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வீடு தாத்தாவின் சுய சம்பாத்தியமா, பூர்வீகமா என்று பாருங்கள். சுய சம்பாத்தியம் என்றால் பேச்சே இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. ஆச்சியும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கும் ஆறு பிள்ளைகளுக்கே வரும்.

பூர்வீகம் என்றால் கொஞ்சம் சுற்றும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பெண்ணுக்கும் பங்கு என்று மாநிலத் திருத்தம் வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களை அது சேர்க்கவில்லை. ஊரில் பலரும் இன்றைக்கும் பிடித்துத் தொங்குவது இந்த வரியைத்தான். 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. அப்பா 2005இல் உயிரோடு இருந்தால்தானே மகளுக்குப் பங்கு என்று ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்றது.

2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அது செல்லும். உங்கள் 1994 கூர்சீட்டு பதிவாகாதது, அதிலும் பெண்மக்கள் கையெழுத்து இல்லை. அதை நம்பி 36 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். எப்படிப் பார்த்தாலும் பாகம் நான்கு அல்ல, ஆறு.

நகை போட்டோமே என்று சொல்லாதீர்கள். நகை வேறு, மனை வேறு.

மேலச்செவல் மாப்பிள்ளை – செப்டம்பர் 9

சட்டம் சரிதான் மேடம். ஆனால் நம் பக்கத்தில் எந்த அத்தை வந்து பங்கு கேட்கிறார்கள்? ஒரு பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எதற்கு ஊதிப் பெரிதாக்க வேண்டும்?

பத்தமடைக்காரி – செப்டம்பர் 9

கேட்ட அத்தை ஒருத்தி இங்கே இருக்கிறேன்.

எனக்கும் புடவைதான் வந்தது. அரக்குக் கலர், நல்ல புடவை. வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்த நேரம், "இந்தப் புடவை எந்தப் பங்குக்கு அண்ணே?" என்று கேட்டேன். அவ்வளவுதான். பங்கு வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடமாக அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்கு எனக்குச் சொல்லிவிடுவதில்லை. தங்கச்சி கேட்காமலேயே கொடுத்திருந்தால் அண்ணனுக்குக் கோபம் வந்திருக்காது, எனக்குப் பணத்தோடு அண்ணனும் மிஞ்சியிருப்பார். தம்பி, உங்கள் அத்தைமார் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மேலச்செவல் மாப்பிள்ளை – செப்டம்பர் 10

மன்னியுங்கள் அக்கா. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

கன்னடியன்கால் – செப்டம்பர் 10

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நானும் இதுவரை நான்கால்தான் வகுத்துக்கொண்டிருந்தேன். ஆறால் வகுத்தால் பாகம் 8 லட்சம். நான் கொடுக்க வேண்டியது ஐந்து பாகத்துக்கு 40 லட்சம். சித்தப்பாமாருக்கு ஆளுக்கு 4 லட்சம் குறையும். இதை அவர்களிடம் சொல்லப் போவது யார்?

துபாய் அண்ணன் வேறு, "நீ இழுத்தடித்தால் என் பாகத்தை மட்டும் வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்" என்கிறார்.

பொருநைக்கரை – செப்டம்பர் 10

பயப்படாதீர்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பாகத்தை வாங்கிய வெளியாள், உள்ளே வந்து உங்களோடு கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டால், அந்தப் பாகத்தை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிவிடுகிறது. இது தெரிந்த வெளியாள் வாங்க வர மாட்டார். தெரியாதவர் வந்தால் அவர் பாடு.

அண்ணன் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால், விற்பனை என்று வந்தால் அவருக்குக் கொடுக்கும் தொகையில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது. தொகை 50 லட்சத்துக்குக் கீழ்தானே என்ற சலுகை அங்கே கிடையாது. தணிக்கையாளரிடம் முதலிலேயே போய்விடுங்கள்.

பழைய எழுத்தர் – செப்டம்பர் 11

பத்திரச் செலவையும் பாருங்கள். கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் போய்விடும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்குள் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்றால் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அதனால் எல்லாரும் உங்கள் அப்பா பெயருக்கு விடுதலை எழுதிக் கொடுப்பதுதான் சிக்கனம். பெரியப்பா வாரிசுகளுக்கு மட்டும் எந்த வகை பொருந்தும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் போடுவது நீங்கள், பத்திரம் அப்பா பெயரில். உங்களுக்கு உடன்பிறப்பு உண்டா?

கன்னடியன்கால் – செப்டம்பர் 11

ஒரு தங்கை ஐயா.

பழைய எழுத்தர் – செப்டம்பர் 11

அப்படியானால் முப்பது வருடம் கழித்து இதே இடத்தில் உங்கள் மகன், "அத்தை இதுவரை எதுவும் கேட்டதில்லை" என்று எழுதிக்கொண்டிருப்பான். தங்கையைக் கூப்பிட்டு இப்போதே பேசுங்கள். அவர் பங்கு எவ்வளவு, நீங்கள் போட்ட பணம் எவ்வளவு என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் வரட்டும்.

வில்லங்கச் சான்று இணையத்திலேயே எடுக்கலாம். பழைய வருடங்களுக்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். மூலப் பத்திரம் யாரிடம் என்று பாருங்கள். பல வீடுகளில் அது எப்போதோ அடமானத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்காது. நத்தம் பட்டா, அதாவது ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா, யார் பெயரில் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சுண்ணாம்புக்கை – செப்டம்பர் 13

எல்லாரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். வீடு நிற்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? நான் அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை செய்கிறேன். அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார்.

வெயிற்காலத்தில் போய்ப் பார்க்காதீர்கள். கோடையில் எல்லாப் பழைய வீடும் மாப்பிள்ளை மாதிரிதான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். சொட்டுகிற சத்தம் எந்த அறையில் கேட்கிறது, எந்தச் சுவர் எத்தனை அடி உயரத்துக்கு ஈரம் குடித்திருக்கிறது என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும்.

உங்கள் மச்சு கட்டைக்குத்தாகத்தான் இருக்கும். உத்திரத்தின் மேல் கட்டை பரப்பி, செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, மேலே தட்டோடு பதித்தது. நடுவில் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும், அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்துவிடாதீர்கள். சுவருக்குள் நுழைகிற முனையைப் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கே, மக்குவதும் கறையான் ஏறுவதும் அங்கே. ஆசாரியைக் கூட்டிப் போய் உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உளி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்த உத்திரம் போயிற்று.

இன்னொன்று, யாராவது சுவருக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்களா? பூசியிருந்தால் முதல் செலவு அதைக் கொத்தி எடுப்பதுதான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மறுபடியும் சுண்ணாம்புதான், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தது. நாள் பிடிக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வீடு சரிவராது.

கழிப்பறைக்காக நடுச்சுவரை மட்டும் உடைத்துவிடாதீர்கள். இது தூண் போட்டுக் கட்டிய இக்கால வீடல்ல, சுவர்தான் பாரத்தைத் தாங்குகிறது.

மணிமுத்தாறு – செப்டம்பர் 13

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் தெருவில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். இரண்டுக்கும் கோடு போட்டுப் பார்த்தால் அடுத்த வெள்ளத்துக்கு அரிசி மூட்டையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தார்சா மருமகள் – செப்டம்பர் 15

ஆண்கள் எல்லாரும் உத்திரத்தையும் பத்திரத்தையும் பேசி முடித்துவிட்டீர்களா? எனக்குச் சில சந்தேகங்கள்.

125 அடி வீட்டைப் பெருக்குவது யார்? எங்கள் வீடு 110 அடி. வாசல் தெளித்துவிட்டுத் தொழுவம் வரை பெருக்கி முடித்தால் ஒன்றரை மணி நேரம். வேலைக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் வீட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதில்லை. கழிப்பறை புறவாசலில்தானே? 74 வயதுக்காரர் ராத்திரி மூன்று மணிக்கு மூன்று நிலைப்படி தாண்டி முற்றத்து ஈரத்தில் நடந்து போவாரா? எங்கள் மாமனார் இடுப்பை உடைத்துக்கொண்டது அந்த நிலைப்படியில்தான். நடு ராத்திரியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துப் போனது எனக்குத்தான் தெரியும்.

வீடு பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்யும்போது முற்றத்தைச் சுற்றி நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்து பேசுகிற சுகம் எந்த அடுக்குமாடியிலும் கிடையாது. ஆனால் அந்த நாலு பேர் வேண்டுமே. உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் முதல் பதிவில் அப்பா, சித்தப்பா, பெரியப்பா, அண்ணன், தாத்தா எல்லாரும் வருகிறார்கள். அம்மா வரவேயில்லை.

கன்னடியன்கால் – செப்டம்பர் 16

கேட்டேன். "நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது 14 பேருக்கு இலை போட்டேன். இப்போது இரண்டு பேருக்குப் போடச் சொன்னால் வருகிறேன்" என்றார்.

மற்றதை ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

கன்னடியன்கால் – நவம்பர் 23

தாமதத்துக்கு மன்னிக்கவும். சுண்ணாம்புக்கை அண்ணாச்சி சொன்னபடி கார்த்திகை முதல் வாரம், நல்ல மழையில், அப்பாவும் நானும் இரண்டு ராத்திரி படுத்தோம். தார்சாவில் சொட்டு இல்லை. பட்டாசலில் கிழக்குச் சுவர் மூன்றடிக்கு ஈரம். மச்சில் இரண்டு உத்திர முனை போயிருக்கிறது, உளி இறங்கியது. சின்னச் சித்தப்பா புண்ணியத்தில் அடுக்களை முழுக்கச் சிமென்ட் பூச்சு. 2023இல் தெருப்பக்கம் தண்ணீர் ஏறவில்லை, தொழுவத்தில் முழங்கால் அளவு நின்றதாகப் பின்தெருக்காரர் சொன்னார். அப்பா ராத்திரி இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மருமகள் அக்கா சொன்னது அப்போது நன்றாகவே உறைத்தது.

குலுக்கை இன்னும் அதே மூலையில் இருக்கிறது. உள்ளே நெல்லுக்குப் பதில் பழைய மின்கட்டண ரசீதுகள்.

அங்கிருந்து நேராக மதுரைக்குப் பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியால் கீழே இறங்கி ஐந்து மாதமாகிறதாம். ஆறில் ஒரு பாகம் அத்தைக்கு உண்டு என்றும், 8 லட்சம் தருகிறேன், விடுதலை எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னேன். பணத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. "வாங்கினால் அங்கே யார் இருக்கப் போகிறது?" என்றார். அப்பாவும் அம்மாவும் வருவார்கள், நான் விடுமுறைக்கு வருவேன் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். எனக்கு ரத்தம் சுண்டிவிட்டது. பிறகுதான், "எனக்குப் பணம் எதற்கு? என் பாகம் அப்படியே இருக்கட்டும், நான் வந்து இருக்கிறேன். படி ஏறாத வீடு அது ஒன்றுதான்" என்றார்.

அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மதினி வந்தால் இலை மூன்று. மூன்று பரவாயில்லை" என்றார்.

ரதவீதிவாசி – நவம்பர் 23

நாத்தனாரும் மதினியும் ஒரே அடுக்களையிலா? தம்பி, வெள்ளத்துக்குக் கோடு போட்டீர்களே, இதற்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

தார்சா மருமகள் – நவம்பர் 24

அண்ணாச்சி, மூன்று பேருமே எழுபதைத் தொட்டவர்கள். சண்டை போட்டாலும் பேச்சுத்துணைதான்.

பழைய எழுத்தர் – நவம்பர் 24

மனசுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பத்திரம்தான் கண்ணில் தெரியும். அப்பாவும் அத்தையும் கூட்டாக என்றால் யாருக்கு எத்தனை பங்கு? அத்தைக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வந்து நிற்பார்களே?

கன்னடியன்கால் – நவம்பர் 25

அதையும் பேசினோம் ஐயா. மற்ற நான்கு பாகத்தையும் அப்பா பெயருக்கு வாங்குகிறோம், 32 லட்சம். அப்பாவுக்கு ஆறில் ஐந்து, அத்தைக்கு ஆறில் ஒன்று. அத்தையின் பிள்ளைகள் இருவரும் ஓசூருக்கே வந்து பேசினார்கள். அத்தை காலத்துக்குப் பிறகு அந்தப் பாகத்தை அன்றைய விலைக்கு எனக்கே தருவதாக அவர்களே சொன்னார்கள். அதை எப்படி எழுத வேண்டும் என்று வழக்கறிஞரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் தங்கை 5 லட்சம் போடுகிறாள். அதற்குத் தக்க பங்கை அப்பா உயிலில் எழுதப் போகிறார். சின்ன அத்தை 8 லட்சத்தை வாங்கிக்கொள்கிறார், பேத்தியின் படிப்புக்காம்.

சித்தப்பாமார் முதலில் பேசவில்லை. பெரிய சித்தப்பா பத்து நாளில் இறங்கி வந்தார். சின்னச் சித்தப்பா 12 லட்சத்திலேயே நிற்கிறார். "உன் அத்தைமாருக்குப் பங்கு உண்டென்று உனக்கு எந்த வக்கீல் சொன்னார்?" என்று கேட்டார். பத்தமடை அக்கா சொன்னார் என்று சொல்ல முடியுமா?

பத்தமடைக்காரி – நவம்பர் 25

சொல்லுங்கள் தம்பி, எனக்கென்ன. போகிறபோது உங்கள் அத்தைக்கு ஒரு பாய் கொடுத்தனுப்புகிறேன், முகவரி அனுப்புங்கள்.

பொருநைக்கரை – நவம்பர் 26

சின்னச் சித்தப்பா கையெழுத்து இல்லாமல் மற்றவர்களுக்கு முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம், ஒப்பந்தம், எல்லாரும் ஒரே நாளில் பதிவு. அதுவரை வீட்டில் ஒரு செங்கல்லைக் கூட மாற்ற வேண்டாம்.

கன்னடியன்கால் – ஜனவரி 19

சின்னச் சித்தப்பா பொங்கலன்று காலையில் தானாகவே அழைத்தார். விலையைப் பற்றிப் பேசவில்லை. அத்தை எந்த அறையில் படுக்கப் போகிறார் என்று கேட்டார். தார்சாவை ஒட்டிய அறை என்றேன். "அங்கே ஜன்னல் கொக்கி சரியில்லை, நான் போய்ப் பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் எல்லாரும் சேரன்மகாதேவியில் கூடுகிறோம். துபாய் அண்ணன் அங்குள்ள துணைத் தூதரகம் மூலம் பவர் பத்திரம் அனுப்பிவிட்டார்.

சுண்ணாம்புக்கை அண்ணாச்சி, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் எட்டடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அத்தையின் நிபந்தனை. நடுச்சுவரைத் தொடாமல் வழியிருக்கிறதா?

சுண்ணாம்புக்கை – ஜனவரி 19

தார்சா அறைக்கு வெளியே சந்துப் பக்கம் எத்தனை அடி விட்டிருக்கிறது? நாலரை அடி இருந்தால் போதும், ஜன்னலையே கதவாக்கி வெளியே தனியாகக் கட்டிவிடலாம். சித்தப்பாவைக் கொக்கி மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கன்னடியன்கால் – ஜனவரி 20

ஐந்தடி இருக்கிறது. கொக்கியை நேற்றே மாற்றிவிட்டாராம்.